வேலைக்கு வந்த மீன்

உங்கள் வீட்டு ஹாலில் மீன்தொட்டி இருக்கிறதா? இருந்தால், எழுந்து போய் ஒருமுறை உற்றுப் பாருங்கள். தங்கமீன்கள் பளபளவென்று சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை விடுங்கள். கண்ணாடியின் ஓரத்தில், வாயை அப்படியே அப்பிக்கொண்டு, கறுப்பாக, புள்ளி புள்ளியாக ஒன்று அசையாமல் ஒட்டியிருக்கும். அதைக் கொடுக்கும்போது கடைக்காரர் என்ன சொன்னார்? 'ஒண்ணு போட்டு வைங்க சார். பாசியெல்லாம் தின்னு, டேங்க்கைப் பளிச்னு வெச்சிருக்கும்!'

பெயரும் அதற்கேற்ற மாதிரிதான்: 'டேங்க் கிளீனர்'.

அழகுக்காக வாங்கிய மீன்களுக்கு நடுவே, வேலைக்காக வாங்கிய ஒரே மீன் அது. வீட்டு வேலைக்கு ஒரு ஆளை வைப்பதென்றால் எந்த ஊர், என்ன விவரம் என்று நாலு பேரிடம் விசாரிப்போம் இல்லையா? இந்த மீனைப் பற்றி யாரும் எதையும் விசாரிக்கவில்லை. இப்போதாவது விசாரித்து விடுவோம்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயன நிபுணர். 1849-ல் அவருக்கு ஒரு சந்தேகம். தண்ணீரை மாற்றாமலே ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க முடியுமா? 12 காலன் தொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட 55 லிட்டர். அதாவது, இன்று நம் வீடுகளில் இருக்கும் இரண்டடித் தொட்டி அளவுதான்! அதில் இரண்டு தங்கமீன்கள், அவற்றுக்கு ஆக்ஸிஜன் தர வாலிஸ்நேரியா என்கிற, ரிப்பன் மாதிரி நீளமான இலைகள் கொண்ட நீர்த்தாவரம். கொஞ்ச நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. அப்புறம் இலைகள் அழுக ஆரம்பித்தன. கண்ணாடியில் பாசி படிந்தது. தண்ணீர் கலங்கியது. வாரிங்டன் என்ன செய்தார் தெரியுமா? குளத்திலிருந்து ஐந்தாறு நத்தைகளைக் கொண்டுவந்து உள்ளே விட்டார். அவை அழுகல், பாசி எல்லாவற்றையும் தின்று தீர்க்க, தொட்டி மறுபடி பளிச்சென்று ஆகிவிட்டது. 1850-ல் இதை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

உலகின் முதல் சம்பளமில்லாத 'டேங்க் கிளீனர்' அந்த நத்தைதான்!

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-லேயே நீக்கப்பட்டு, விலை இறங்கியிருந்த நேரம் அது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற வார்த்தையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. நம்ம சென்னையும் சளைத்ததில்லை. 1909-லேயே மெரீனா கடற்கரையில் அக்வேரியம் வந்துவிட்டது.

சரி, நத்தையின் வேலையைப் பிடுங்கிக்கொண்ட நம்ம ஹீரோ எங்கே?

அவருடைய சொந்த ஊர் தென் அமெரிக்கா. தாடைக்கு அடியில் உறிஞ்சும் வாய், உடம்பெல்லாம் செதிலுக்குப் பதிலாக எலும்புக் கவசம் என்று விசித்திரமான தோற்றம் கொண்ட கெளுத்திக் குடும்பம். அதில் ஒரு மீனுக்கு 1758-ல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் சாட்சாத் லின்னேயஸ். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய அந்த மாமேதையே இந்தக் கவசத்தைப் பார்த்துக் குழம்பி, இதை ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்துவிட்டார். (ஆமாம், பணக்காரர்கள் சாப்பிடும் 'கேவியர்' முட்டையைத் தருகிற அதே ஸ்டர்ஜன்!) ஆக, வந்த முதல் நாளிலேயே ஆள் யார் என்று சரியாகத் தெரியாமல்தான் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறோம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விமானப் போக்குவரத்தும், ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அலங்கார மீன் வியாபாரத்தைத் தலைகீழாக மாற்றின. அமேசான் மீன்கள் உலகம் முழுக்கப் பறந்தன. இந்த இனத்தைப் பண்ணைக் குளங்களிலேயே பெருக்க முடியும் என்று தெரிந்ததும் விலை மலிந்துவிட்டது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 'டெரிகோப்ளிக்திஸ்' என்கிற வகை. (பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை!)

இரண்டு அங்குலக் குட்டியாக வரும். பாசி தின்னும், நிஜம்தான். ஆனால், நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடி! உங்கள் தொட்டியே இரண்டடி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வளர வளரப் பாசியில் அக்கறை குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்குப் போட்டி போடும். கூட இருக்கும் தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோலை உறிஞ்சுவதும் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய வேடிக்கை, அது போடுகிற கழிவு. நூல் நூலாகத் தொட்டி முழுக்க மிதக்கும். குப்பையை அள்ள வந்த ஆளே குப்பை போட ஆரம்பித்துவிடுகிறார்!

'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது அடக்கத்தால் அல்ல. தன் கழிவிலேயே, கெட்டுப்போன தண்ணீரில் கிடந்து, உடம்பு நலிந்து நிற்கிறது. அதற்குப் பெயர் வளர்ப்பு அல்ல, வதை.

இவர் ஒருத்தர் மட்டுமில்லை. கடையில் 'ஷார்க்' என்று சொல்லிக் கொடுப்பார்களே, வெள்ளி நிறத்தில் பரபரவென்று நீந்தும், அதுவும் சுறா இல்லை. மீகாங் நதியின் கெளுத்தி. நாலடிக்கு மேல் வளரும். ஹோட்டலில் 'பாஸா' என்ற பெயரில் முள்ளில்லாத துண்டாகத் தட்டில் வருவதும் பெரும்பாலும் இதேதான்! அமேசானின் சிவப்பு வால் கெளுத்தி இன்னும் மோசம். கடையில் விரல் நீளம்; வளர்ந்தால் மூன்று, நான்கு அடி. தூண்டிலில் 50 கிலோவைத் தாண்டிய மீனே சிக்கியிருக்கிறது. தொட்டியில் கூட இருக்கும் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனால், போலீஸுக்குப் போக வேண்டாம். அதன் வயிற்றில் தேடினால் போதும். மேல்நாட்டில் இந்த வகை மீன்களுக்கு 'டேங்க் பஸ்டர்' என்றே பட்டப்பெயர்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம். மீன் வளர்ந்துவிட்டது, தொட்டி போதவில்லை. என்ன செய்வோம்? கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார். கொல்ல மனசு வராது. குழந்தைகள் வேறு அழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கெட்டில் எடுத்துப்போய்ப் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு, 'பிழைச்சுப் போகட்டும்' என்று கும்பிட்டுவிட்டு வருவோம். புண்ணியம் சேர்ந்த திருப்தியில் நன்றாகத் தூக்கமும் வரும்.

பிழைத்துப் போகட்டும் என்றோம் அல்லவா? பிழைத்தது. அதுதான் பிரச்னையே!

மெக்ஸிகோவில் பால்சாஸ் நதியின் குறுக்கே 1960-களில் கட்டிய அணையால் உருவான ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. பெயர் இன்ஃபியர்நீயோ. 'குட்டி நரகம்' என்று அர்த்தம். பெயர்தான் அப்படியே தவிர, சுற்றியுள்ள மீனவர்களுக்குச் சொர்க்கம். திலேப்பியா மீன் அள்ள அள்ளக் குறையாமல் கிடைத்த இடம். 1990-களின் நடுவில் அந்த நதிப் படுகையில் நம்ம டேங்க் கிளீனர் முதன்முதலாகத் தென்பட்டார். பத்தே வருடம். மீனவர்கள் வலையை இழுத்தால், திலேப்பியாவுக்குப் பதில் கவச மீன்கள் குவியல் குவியலாக! விலை போகாத மீன். முள் பட்டு வலை கிழிந்தது, கை கிழிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயிற்றில் அடித்த அந்த மீனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசு மீன்'.

பிசாசு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கரை மண்ணில் மூன்றடி ஆழம் வரை வளை தோண்டி முட்டையிடும். ஆண் மீன் காவல் இருக்கும். கரை அரித்துச் சரியும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால், மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும்! மற்ற மீன்கள் செத்து மிதக்கும் சாக்கடைத் தண்ணீரில்கூட இது தாக்குப்பிடிக்கும்.

'மெக்ஸிகோ எங்கேயோ இருக்கு சார்' என்கிறீர்களா? திருவனந்தபுரத்தின் சாக்கை கால்வாயில் இது வந்து பல வருடங்கள் ஆகின்றன. கிழக்கு கொல்கத்தாவின் மீன் பண்ணைகளில் கெண்டை வளர்ப்பவர்கள் இதனால் திண்டாடுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் ஒரு புதுமையான சோதனை செய்தார்கள். மீனைப் பிடிக்கவே இல்லை. தண்ணீரை எடுத்து, அதில் மீன் உதிர்த்துவிட்டுப் போன டி.என்.ஏ.வைத் தேடினார்கள். 2024-ல் முடிவு வெளியானது. சுமார் 60 சதவிகித நீர்நிலைகளில் ஐயா இருக்கிறார்!

இதில் மீனின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை, பாவம். அமேசானில் இருந்தவரை அதைத் தின்னவும் ஆள் உண்டு, அதற்கென்று ஒரு இடமும் உண்டு. அங்கிருந்து கொண்டுவந்து, துடைப்பம் மாதிரி தொட்டியில் போட்டுவிட்டு, துடைப்பம் வளர்ந்துவிட்டதே என்று ஆற்றில் எறிந்தது நாம்தான். நம் ஹாலில் தீர்ந்த பிரச்னை, எங்கோ ஒரு மீனவரின் வலையில் போய் ஆரம்பித்தது.

ஏற்கெனவே வீட்டில் பெரிசாக ஒன்று இருக்கிறதா? பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். கெஞ்சியாவது கடைக்காரரிடம் ஒப்படையுங்கள். ஏரி, குளம், கோயில் தெப்பக்குளம் மட்டும் வேண்டாம். புதிதாக வாங்கப் போகிறீர்களா? விலை கேட்கும் முன்பு, 'இது எவ்வளவு பெரிசா வளரும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பாசிக்கு என்ன வழி என்கிறீர்களா? ஒரு ஸ்பாஞ்ச், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்ற ஒரு பக்கெட், அரை மணி நேரம். அந்த வேலைக்கு உலகத்திலேயே பொருத்தமான ஆள் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்... நீங்கள்தான்!