பழவேற்காட்டுக் கடற்காவலும் புலனாய்வுத் திரைப்படங்களும்

பழவேற்காடு ஏரியின் தென்கரையிலும், ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்மேடுகளிலும் அமைந்த மீனவக் குப்பங்களில், கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாடகம் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டு வருகிறது. காவல்துறையினரும் பாதுகாப்புப் படையினரும் இரு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி மாறுவேடத்தில் போலி வெடிபொருள்களுடன் படகேறிக் கரைக்குள் நுழைய முயல்வதும், மற்றோர் அணி கடலிலும் முகத்துவாரத்திலும் சோதனைச் சாவடிகளிலும் காத்திருந்து அவர்களைப் பிடிப்பதும் அதன் கதை. 'ஆபரேஷன் ஆம்லா' என்றும் 'சாகர் கவச்' என்றும் 'சீ விஜில்' என்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பெயர்களில் வழங்கும் இந்தப் பாதுகாப்பு ஒத்திகையை நாடகம் என்று சொல்வது அதைக் குறைத்துச் சொல்வதாகாது. உண்மையில் நடந்த ஒரு தாக்குதலை நடிப்பின் வழியே மீண்டும் நிகழ்த்திப் பார்ப்பதே அதன் நோக்கம். குற்றப் புலனாய்வுத் திரைப்படங்கள் செய்வதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அந்த மூலக்கதையின் எந்தக் காட்சியும் பழவேற்காட்டில் நிகழ்ந்ததல்ல.

மூலக்கதை 2008 நவம்பரில் கராச்சியிலிருந்து புறப்பட்ட பத்துப் பேருடையது. குஜராத்தின் போர்பந்தரில் பதிவான 'குபேர்' என்ற மீன்பிடி விசைப்படகை அவர்கள் நடுக்கடலில் கைப்பற்றினர். அதிலிருந்த மீனவர்களில் நால்வரைக் கொன்று, படகை ஓட்டிச் செல்வதற்காகத் தலைவரான அமர்சிங் சோலங்கியை மட்டும் உயிரோடு வைத்திருந்து, மும்பையை நெருங்கியதும் அவரையும் கொன்றனர். பிறகு காற்றடைத்த ரப்பர் படகில் ஏறி, நவம்பர் 26ஆம் தேதி இரவு தென் மும்பையின் கஃப் பரேடு பகுதியிலுள்ள மீனவர் குடியிருப்பில் கரையிறங்கினர். அடுத்த சில நாட்களில் இறந்தவர்கள் 166 பேர். அந்தத் தாக்குதலின் பெயர்களாக உலகம் நினைவில் வைத்திருப்பவை தாஜ் ஓட்டலும் சத்ரபதி சிவாஜி ரயில் முனையமும்தான் என்றாலும், அதில் முதலில் உயிரிழந்தவர்கள் மீனவர்கள். கரையில் அந்நியர்களை முதலில் கண்டவர்களும் மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே. புலனாய்வும் கடலிலிருந்தே தன் பிடிமானத்தைப் பெற்றது. கைவிடப்பட்ட குபேர் படகில் கிடைத்த செயற்கைக்கோள் தொலைபேசியும், பாதையைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவியும், ரப்பர் படகில் பொருத்தப்பட்டிருந்த யமஹா இயந்திரமும் சதியின் தடத்தைக் கராச்சி வரை கொண்டு சென்றன. உயிரோடு பிடிபட்ட ஒரே தாக்குதலாளியான அஜ்மல் கசாப் மீதான குற்றப்பத்திரிகை 2009 பிப்ரவரியில் தாக்கலானது. 2010 மே மாதத்தில் தண்டனை அறிவிக்கப்பட்டது. 2012 நவம்பர் 21 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

தூக்குத்தண்டனை நிறைவேறி நான்கு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2013 மார்ச் மாதத்தில் ராம் கோபால் வர்மாவின் 'தி அட்டாக்ஸ் ஆஃப் 26/11' வெளிவந்தது. மும்பைக் காவல்துறையின் இணை ஆணையர் ராகேஷ் மரியாவாக நானா படேகர் நடித்த அந்தப் படம், அவர் விசாரணைக் குழுவின் முன் அளிக்கும் வாக்குமூலமாகக் கதையை அமைத்துக்கொண்டு, குபேர் கைப்பற்றப்படும் காட்சியையும் விரிவாகவே காட்டுகிறது. படத்தின் பிற பகுதிகளில் மிகையும் உரத்த குரலும் உண்டு. எனினும் மீனவர் கொலையைக் கதையின் வாயிலில் வைத்ததில் அது பிற படங்களைவிட நேர்மையானது. அந்தோணி மாராஸ் இயக்கிய 'ஹோட்டல் மும்பை' (2018) ரப்பர் படகில் வரும் இளைஞர்களிடம் தொடங்கி, கரையைத் தொட்டவுடன் நகரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கடல், கதை வந்து சேரும் வழியே தவிர கதை நிகழும் இடமன்று என்பது இவ்வகைப் படங்களின் எழுதப்படாத இலக்கணம்.

இந்த இலக்கணம் 2008க்கு முந்தியது. மும்பையில் 257 பேரைப் பலிகொண்ட 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்புக்கான ஆர்டிஎக்ஸ் வெடிமருந்தும் கடல்வழியாகவே வந்து, ராய்கட் மாவட்டத்தின் சேகாடி போன்ற சிறு கடற்கரைகளில் இறக்கப்பட்டது. ஹுசைன் ஜைதி 2002இல் எழுதிய நூலைத் தழுவி அனுராக் காஷ்யப் எடுத்த 'பிளாக் ஃபிரைடே', அந்தக் கரையிறக்கத்தையும், லஞ்சமும் அலட்சியமும் அதற்கு வழிவிட்டதையும், பின்னர் காவல் நிலையங்களில் நடந்த சித்திரவதைகளையும் ஒன்றையும் மறைக்காமல் வைத்தது. வழக்கு நிலுவையில் இருந்ததால் தீர்ப்பைப் பாதிக்கும் எனக் கூறி பம்பாய் உயர் நீதிமன்றம் படத்தை நிறுத்திவைத்தது. 2007 பிப்ரவரியில்தான் அது திரைக்கு வர முடிந்தது. இந்திய மொழிகளில் இவ்வகையில் இதுவரை வந்தவற்றுள் இதுவே மிகச் சிறந்தது என்று சொல்வதில் தவறில்லை. குற்றவாளியையும் காவலரையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்தும் துணிவு அதற்கு இருந்தது.

தமிழ்நாட்டின் மூலக்கதை 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலை. அன்றைய நிர்வாக வரைபடத்தில் ஸ்ரீபெரும்புதூரும் பழவேற்காடும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997இல்தான். டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு சென்னையில் 'மல்லிகை' என்ற கட்டடத்திலிருந்து செயல்பட்டது. குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சிதையாமல் கிடைத்ததும், தடய அறிவியல் வல்லுநர் பி.சந்திரசேகரன் இடுப்புப் பட்டையில் கட்டிய வெடிகுண்டை அடையாளம் கண்டதும் விசாரணையின் திசையை முடிவு செய்தன. கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசன் தலைமையிலான ஒன்பது பேர் 1991 மே மாதத் தொடக்கத்தில் படகில் கோடியக்கரைக்கு வந்திறங்கினர் என்பது புலனாய்வின் முடிவு. ஆகஸ்ட் மாதம் பெங்களூருக்கு அருகிலுள்ள கோணனகுண்டேயில் சிவராசனும் உடனிருந்தவர்களும் இறந்ததோடு தேடல் முடிந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டிருந்த 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை அக்கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்தப் பெரும் இடைவெளியைக் கதையாக்க எந்தத் திரைப்படமும் முன்வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அந்த வழக்கைப் பற்றிய படங்களுக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. ஆர்.கே.செல்வமணி 1990களின் தொடக்கத்தில் எடுத்த 'குற்றப்பத்திரிகை', தணிக்கையிலும் நீதிமன்றத்திலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் சிக்கிக் கிடந்து, 'பிளாக் ஃபிரைடே' வெளியான அதே 2007ஆம் ஆண்டில் திரைக்கு வந்தது. வந்தபோது அதைப் பார்க்கக் காத்திருந்த தலைமுறை கடந்துபோயிருந்தது. ஏ.எம்.ஆர்.ரமேஷ் கன்னடத்தில் 'சயனைட்' என்றும் தமிழில் 'குப்பி' என்றும் வழங்கிய படம் பெங்களூரின் கடைசி நாட்களோடு தன்னை நிறுத்திக்கொண்டது. மேஜர் ரவி மலையாளத்தில் மம்மூட்டியை வைத்து இயக்கிய 'மிஷன் 90 டேய்ஸ்' துரத்தலைப் பேசியது. 2013இல் வந்த 'மெட்ராஸ் கஃபே' எதிர்ப்பின் காரணமாகத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளை எட்டவேயில்லை. அந்தக் கொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழகக் கடற்கரை முழுவதிலும் என்ன நேர்ந்தது என்பது இவற்றில் எதற்கும் பொருளாகவில்லை. 1994இல் தமிழ்நாடு காவல்துறையின் அங்கமாகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் உருவாக்கப்பட்டது. பாக் நீரிணையில் ஆள்கடத்தலையும் பொருள்கடத்தலையும் தடுப்பதற்காகத் தோன்றிய அந்த அமைப்பே, பிற்காலத்தில் கரையோரக் குப்பங்களின் அன்றாடத்தில் நிலைபெற்ற காவலாயிற்று.

பழவேற்காட்டுக்கு இத்தகைய காவல் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலத் துணி வணிகத்துக்காக இங்கு வந்த டச்சுக்காரர்களின் பண்டகசாலையை, 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் தாக்கி அழித்தனர். அதற்கு மறுமொழியாக 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை, கடலிலிருந்து வரும் எதிரியைக் குப்பத்தின் தலைக்கு மேலாகப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. கோட்டை பிற்காலத்தில் ஆங்கிலேயர் கைக்குச் சென்று சிதைந்து, இன்று மேடாகவும் அகழியின் தடமாகவும் எஞ்சியிருக்கிறது. கரை காக்கப்படுவது எப்போதும் கரையில் வாழ்பவர்களுக்காக மட்டுமன்று என்ற உண்மையை இந்த ஊர் 400 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

குப்பங்களுக்குள் மற்றொரு காவல் அதற்கும் அடியில் இயங்கியது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் ஊர்கள் 'பாடு' என்னும் முறையைக் கைக்கொண்டிருந்தன. பாடு என்பது ஏரியில் வலைகட்டும் குறிப்பிட்ட இடத்தையும், அந்த இடத்தில் வலைகட்டக் கிடைக்கும் முறையையும் சேர்த்துக் குறிப்பது. தலைக்கட்டாகப் பதிவான குடும்பங்களுக்கு, அதாவது ஊர்ப் பொதுவுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களுக்கு, ஊர்ப் பஞ்சாயத்து சீட்டுக் குலுக்கி இந்த முறையைப் பிரித்துக் கொடுக்கும். இறால் அதிகம் கிட்டும் முகத்துவாரத்தை அடுத்த இடங்கள் எவர் கையிலும் நிலைத்துவிடாமல் சுற்றிவருவதற்கான ஏற்பாடு இது. இதற்கு ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பக்கவிளைவு உண்டு: எந்த இரவில் எந்த நீரில் யாருடைய படகு நிற்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்திருப்பதால், நிற்கக் கூடாத படகு உடனே கண்ணில் படுகிறது. இந்தப் பாடுகளுக்கு வெளியே, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் ஊர் முகத்தால் அறிந்திருந்தது. குற்றமோ தேசமோ அந்த அறிவின் நோக்கமல்ல. இறாலில் பங்கு பறிபோகக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஏரியின் கிழக்கெல்லையாக நீளும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட பிறகு இந்தக் கரை வேறொரு வகையிலும் காவலுக்குரியதாயிற்று. தீவுக்குள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. ராக்கெட் ஏவப்படும் நாட்களில் கடலுக்குள் செல்ல வேண்டாம் எனப் பழவேற்காட்டு மீனவர்களுக்கு அறிவிப்பதும் கடலில் ரோந்துப் படகுகள் சுற்றுவதும் வழக்கமாயின. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. ஆகவே 2008க்குப் பின் மத்திய அரசு கடற்கரைப் பாதுகாப்பை மாற்றியமைத்தபோது, ஒருபுறம் விண்வெளி மையமும் மறுபுறம் துறைமுகங்களும் கொண்ட இந்தக் குறுகிய கரை அந்தத் திட்டங்களின் நேர்ப்பார்வையில் இருந்தது.

அந்த மாற்றங்களின் உள்ளடக்கம் சுருக்கமானது. கடல்சார் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு 2009இல் கடற்படையிடம் அளிக்கப்பட்டது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரையான நாட்டெல்லைக் கடலின் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு வந்தது. கடற்கரைக் காவல் நிலையங்களை அமைக்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2011இல் தொடங்கியது. மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டையும், படகுகளுக்கு ஒரே சீரான பதிவெண்ணும், மாநிலத்துக்கொரு நிறமும் வந்தன. தானாகவே இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கே கட்டாயம் என்பதால், அதைவிட மிகச் சிறிய கண்ணாடியிழைப் படகுகளில் கடலேறும் பழவேற்காட்டு மீனவருக்கு அட்டையும் நிறமுமே சாட்சி. ஏரியோ இரு மாநிலங்களுக்குப் பொதுவானது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் அமைந்த அந்த நீரில், எல்லை குறித்த மீன்பிடித் தகராறுகள் படகின் நிறம் பேசப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தவை.

அதிகாரிகள் குப்பங்களில் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் மீனவர்களைக் கடலின் கண்ணும் காதும் என்று குறிப்பிட்டு, சந்தேகத்துக்குரிய படகைக் கண்டால் 1093 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்வர். அதே மீனவர் மறுநாள் கடலில் நிறுத்தப்பட்டு அட்டையைக் காட்ட வேண்டியவரும் ஆவார். சாட்சியாகவும் சந்தேகத்துக்குரியவராகவும் ஒரே மனிதரை நிறுத்தும் இந்த இரட்டை வேடம் குபேர் படகின் கதையிலிருந்தே பிறந்தது. இந்தியக் கொடியும் இந்தியப் பதிவெண்ணும் கொண்ட ஒரு மீன்பிடிப் படகு பகைவரைச் சுமந்து வர முடியும் என்று அந்தப் புலனாய்வு நிறுவியபின், எந்த மீன்பிடிப் படகும் ஐயத்துக்கு விலக்கானதாக இருக்கவில்லை. கொலையுண்ட அமர்சிங் சோலங்கி மீதே முதலில் ஐயம் எழுந்தது.

ஒத்திகை நாட்களில் முகத்துவாரத்தில் படகுகள் நிறுத்திச் சோதிக்கப்படுவதால் கடலேறும் நேரம் தள்ளிப்போகிறது. ராக்கெட் நாட்களில் கடலேறுவதே நிற்கிறது. அந்த நாட்களில் மீனவர்க்கு எஞ்சுவது ஏரி. அங்கே யார் எங்கு வலைகட்டுவது என்பதை இன்றும் முடிவு செய்வது அட்டையல்ல, பாடு முறை.