புழுங்கலரிசி சொன்ன கணக்கு

நூறாண்டுகளுக்கு முன்பு பினாங்குத் துறைமுகத்தில் இரு திசைகளிலிருந்தும் கப்பல்கள் வந்து நின்றன. நாகப்பட்டினத்துக் கப்பல்களில் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் வந்தார்கள். தென்சீனக் கப்பல்களில் ஈயச் சுரங்க வேலைக்குச் சீனர்கள் வந்தார்கள். இரு சாராருக்கும் சோறுதான் உணவு. ஆனால், சீனத் தொழிலாளர்களை ஒரு நோய் கொத்துக் கொத்தாகக் கொண்டு போனது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். அந்த நோயின் பெயர் பெரிபெரி. தமிழர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. ஏன் இந்த வேறுபாடு?

அந்தக் காலத்தில் பெரிய மருத்துவர்களையும் திணற வைத்த கேள்வி இது. பினாங்கில் 1879-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற டாக்டர் வூ லியன் தே 1903-இல் தாயகம் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் அவர் மேற்கொண்ட ஆய்வுகளுள் பெரிபெரியும் ஒன்று. பின்னர் பினாங்கு சூலியா தெருவில் மருத்துவம் பார்த்து, அதன் பிறகு மஞ்சூரியா பிளேக்கை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவர். அவர் ஆராய்ந்த காலத்தில் பெரிபெரிக்கு விடை கிடைத்திருக்கவில்லை. சிலர் அதைத் தொற்றுநோய் என்றார்கள். சிலர் இடத்தின் குற்றம் என்றார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன் சமையலறையைப் பார்த்தார். சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய சயாம் அரிசி. தமிழர்கள் உண்டது நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அரிசியைச் சந்தேகித்தது சரி; நஞ்சு என்றது தவறு.

சந்தேகம் மட்டும் போதுமா? எண்ணிப் பார்க்க வேண்டாமா? கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் அதைத்தான் செய்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணில் வந்தவர்களை ஒரு பகுதிக்கும் இரட்டைப்படையில் வந்தவர்களை மறு பகுதிக்கும் அனுப்பினார். ஒரு பகுதிக்கு சயாம் அரிசி, மறு பகுதிக்குப் புழுங்கலரிசி. ஒவ்வொன்றிலும் சுமார் 120 பேர். நோய்க்குக் கட்டடம்தான் காரணமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு குழுவினரையும் இடம் மாற்றினார். 1906 முடிவில் கணக்குப் பார்த்தபோது, சயாம் அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. என்ன சோதனை நடக்கிறது என்று அறியாமலே அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இந்த உண்மையை மறைத்துவிட்டு அந்த ஆய்வைப் புகழ முடியாது.

1907-இல் பிளெட்சரின் கணக்கு அச்சில் வந்தது. அடுத்து மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டேன்டனும் ஜெலபு காட்டில் சாலை போட்ட 300 ஜாவாத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். அரிசியை மாற்றியபோது நோயும் குழு மாறியது. சிங்கப்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் எல்லிஸ் புழுங்கலரிசிக்கு மாறியதும் நோய் தணிந்தது. 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு நாடுகளின் மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியே உணவாக இருப்பதுதான் பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் போட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘வைட்டமின்’ என்ற சொல் பிறந்ததே 1912-இல்தான். அரிசித் தவிட்டில் இருக்கும் பி1 சத்து 1926-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கி, தீட்டினாலும் முழுவதும் போகாமல் தங்கிவிடுகிறது. இது எதுவும் தெரியாமலே அரிசியை மாற்ற முடிந்தது. காரணம் முழுதாகத் தெரியும்வரை காத்திருந்தால் இன்னும் எத்தனை உயிர்கள் போயிருக்குமோ!

ஆனாலும் கணக்கு எட்டாத இடங்கள் இருந்தன. அரசாங்கம் அரிசி வாங்கிப் போட்ட இடங்களில் உத்தரவு செல்லும். கடையில் தானே அரிசி வாங்கிப் பொங்கித் தின்ற கூலிக்காரரிடம் அந்த உத்தரவு எப்படிச் செல்லும்? மலாயாவில் பெரிபெரி உடனே ஒழிந்துவிடவில்லை. 1941 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிப் பஞ்சத்தில் அது மீண்டும் தலைதூக்கியது.

சுகாதாரத் துறைகளுக்கு அறிக்கைகளால் என்றுமே பஞ்சமில்லை. ஓர் அறிக்கை வெளிவரும்போது பொதுமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எண்ணிப் பார்த்தார்களா? பார்த்ததை வைத்து எதை மாற்றினார்கள்? அந்த மாற்றம் யாரைச் சென்று சேரவில்லை? முதல் கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்வார். இரண்டாவதற்கு அதிகாரி பதில் சொல்வார். மூன்றாவது கேள்வியை, விடுபட்டுப் போனவர்களுக்காக மற்றவர்கள்தான் எழுப்ப வேண்டும்.