வாரியம்

மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம் என இன்று அரசாங்க ஸ்தாபனங்களுக்கு வழங்கும் இச்சொல், முதற்கண் ஊர்க்காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பையே உணர்த்தியது என்பது, சாசனங்களில் பயிலும் ‘வாரியம் செய்தல்’ என்னும் வழக்கால் விளங்கும்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பகுத்த அவ்வூரில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாப் பாலகன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவராகவும், ஏரி வாரியத்துக்கு அறுவராகவும் நியமித்த முறையை விஸ்தாரமாகக் கூறுகிறது. நிலமும் வேதக் கல்வியும் உடைய சபையார்க்கே உரிய பதவி அது. ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. எனினும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரையும் சேர்த்து விலக்கிய அதன் கண்டிப்பு வியந்து போற்றத்தக்கது.