ஒரு சேக்கல் எத்தனை கிராம்? எசேக்கியேலின் ரொட்டியைத் தராசில் வைத்துப் பார்ப்போம்

1/
அமெரிக்காவில் தானியங்களும் பயறுகளும் சேர்த்துச் செய்த ஒரு ரொட்டி ஆரோக்கிய உணவாக விற்பனையாகிறது. எசேக்கியேல் ரொட்டி என்று பெயர். பைபிளில் எசேக்கியேல் 4ஆம் அதிகாரத்தில் வரும் பட்டியல்தான் மூலம்: கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகள், தினை...

நல்ல கலவைதான், சந்தேகமே இல்லை. ஆனா அதற்கு அடுத்த வசனத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த உணவை ஒரு நாளைக்கு 20 சேக்கல் எடைதான் சாப்பிட வேண்டும் என்கிறது அது.

20 சேக்கல்னா எவ்வளவு? வயிறு நிறையுமா, காயுமா? வாங்க, கணக்கு போடலாம்.

2/
முதலில் ஒரு விஷயம். சேக்கல் என்றதும் காசு நினைவுக்கு வரும். அது முதலில் காசு இல்லை, எடை. எபிரேய மொழியில் "எடை போடு" என்ற வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். நாணயம் அச்சடிக்கத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தப் பகுதியில் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்துத்தான் வியாபாரம் நடந்தது.

3/
அலகுகளுக்கு இடையே என்ன விகிதம்? இதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம், பைபிளே சொல்லிவிடுகிறது.

யாத்திராகமம் 30: ஒரு சேக்கல் = 20 கேரா.
யாத்திராகமம் 38: தலைக்கு அரை சேக்கல் வீதம் 6,03,550 பேர் கொடுத்த வெள்ளி = 100 தாலந்து + 1,775 சேக்கல்.

இப்ப கணக்கு. 6,03,550-இல் பாதி 3,01,775 சேக்கல். அதில் 1,775 போனால் 3,00,000. அதை 100 ஆல் வகுத்தால், ஒரு தாலந்து = 3,000 சேக்கல்.

விகிதம் கிடைச்சாச்சு. கிராம் இன்னும் கிடைக்கலை. அதற்கு மண்ணைத் தோண்ட வேண்டும்.

4/
எருசலேம், லாகீஸ், ஆராத் உட்பட பழைய யூதா நாட்டின் பல இடங்களில் சிறிய சுண்ணாம்புக்கல் எடைக்கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அடி தட்டை, மேலே குவிமாடம் மாதிரி வளைவு. பலவற்றில் சேக்கலுக்கான குறியும் எண்ணும் செதுக்கியிருக்கும். காலம் பெரும்பாலும் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகள்.

இன்றைய தராசில் வைத்துச் சராசரி எடுத்தால் ஒரு சேக்கல் சுமார் 11.3 முதல் 11.4 கிராம். அப்படியானால் ஒரு கேரா அரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு தாலந்து சுமார் 34 கிலோ.

8 சேக்கல் சுமார் 91 கிராம். எகிப்தின் டெபன் என்ற எடையும் ஏறத்தாழ அதேதான். எகிப்தோடு வணிகம் செய்த நாடு என்பதால் பல ஆய்வாளர்கள் இதைத் தற்செயல் என்று ஒதுக்குவதில்லை.

5/
இந்தக் கற்கள் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலையும் தீர்த்து வைத்தன.

1 சாமுவேல் 13:21-இல் "பிம்" என்று ஒரு சொல் வருகிறது. பைபிளில் வேறெங்கும் இல்லை. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் அதை "அரம்" என்று ஊகித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "பிம்" என்றே எழுதப்பட்ட எடைக்கற்கள் கிடைத்தன. எடை சுமார் 7.8 கிராம், அதாவது சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அரம் இல்லை, அது பெலிஸ்தர் கலப்பைக்குச் சாணை பிடிக்க வாங்கிய கூலி!

6/
சரி, 1 சேக்கல் = 11.4 கிராம், முடிஞ்சுதா? இல்லை.

ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் சேக்கல் மாறியது. பாபிலோனிய சேக்கல் சுமார் 8.4 கிராம். கி.மு. 126 வாக்கில் தீரு நகரம் அச்சடிக்கத் தொடங்கிய வெள்ளிச் சேக்கல் சுமார் 14 கிராம்.

இது எழுதியவர்களுக்கே தெரியும். ஒரு இடத்தில் "பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல்" என்பார்கள், அப்சலோமின் முடியை நிறுக்கும்போது "ராஜாவின் நிறைப்படி 200 சேக்கல்" என்பார்கள். எந்தத் தராசு என்று சொல்லாத எடைக்கு மதிப்பில்லை.

சர்க்கரை ரிசல்ட்டும் இப்படித்தான். வெறுங்கையாக "7" என்றால் நான் என்ன சொல்ல முடியும்? மில்லிமோல் கணக்கில் 7 என்றால், அது மில்லிகிராம் கணக்கில் 126. வெறும் வயிற்றில் அது நீரிழிவின் எல்லைக்கோடு. மில்லிகிராம் கணக்கிலேயே 7 என்றால் உயிருக்கு ஆபத்து. எண் ஒன்றுதான், அலகுதான் நோயைச் சொல்கிறது.

7/
இப்ப எசேக்கியேலுக்கு வருவோம். அவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனில் சிறைப்பட்டு வாழ்ந்தவர். தீரு நாணயம் அவருக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது, அதைத் தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டு:

யூதா சேக்கல்: 20 × 11.4 = 228 கிராம்
பாபிலோன் சேக்கல்: 20 × 8.4 = 168 கிராம்

முழுத்தானிய ரொட்டி 100 கிராமுக்கு ஏறத்தாழ 250 கலோரி. முதல் கணக்கில் நாளைக்கு 570 கலோரி, இரண்டாவதில் 420. ரொட்டி எடை இல்லை, மாவின் எடைதான் என்று தாராளமாக வைத்தாலும் 800-ஐத் தாண்டாது. வளர்ந்த ஆண் சும்மா படுத்திருக்கவே 1,500 கலோரிக்கு மேல் வேண்டும்.

8/
ஒப்பிட்டுப் பாருங்கள். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 தன்னார்வலர்களை வைத்துப் பட்டினி ஆய்வு செய்தார். நாளைக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு, 24 வாரம். அதிலேயே உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போனது. கால் வீக்கம், மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு.

எசேக்கியேலுக்குச் சொல்லப்பட்ட அளவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் 390 நாட்களுக்கு.

9/
ஆக, எந்தச் சேக்கலை எடுத்தாலும் விடை ஒன்றுதான்: இது டயட் இல்லை, பட்டினி. முற்றுகைக்குள் சிக்கப்போகும் எருசலேம் மக்கள் என்ன சாப்பிட்டு எப்படி மெலிவார்கள் என்று உடம்பால் நடித்துக் காட்டச் சொன்ன அளவு. அதே அதிகாரத்தின் கடைசியும் அப்பத்தை நிறுத்துத் தின்று வாடிப்போவதைத்தான் பேசுகிறது. நேபுகாத்நேச்சாரின் படை நகரைச் சுற்றி வளைத்தபோது அது உண்மையாகவே நடந்தது.

10/
இனி எங்காவது "1 சேக்கல் = 11.424 கிராம்" என்று மூன்று தசமத்தோடு பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஊர்ச் சேக்கல்? எந்தக் காலம்? கையால் செதுக்கிய கற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும், அந்த மூன்றாவது தசமத்தைத் தர அவற்றால் முடியாது.

எசேக்கியேல் ரொட்டி சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அவர் சாப்பிட்ட அளவை மட்டும் பின்பற்றிவிடாதீர்கள்.