கன்னியாவின் அயிரை

புளியங்கூடலில ஆறு இல்லை; மீன்தொட்டி வைக்கிற பொடியளுக்கு முதல் கவலை வெக்கைதான். ஆனால் வெக்கையாலேயே பெயர் வாங்கின மீன் ஒன்று எங்களிட்ட இருக்கு: அயிரை. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில், சுமார் 40 பாகை செல்சியஸ் சூட்டில் பிடிபட்ட அதற்கு, பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் 1846இல் 'தெர்மாலிஸ்' என்று பெயர் வைத்தார். (அதுக்காகத் தொட்டியைச் சூடாக்கிப் பார்க்காதேங்கோ!) கன்னியா என்றால் எங்களுக்கு இராவணனும் ஏழு கிணறும்தான், அயிரை ஞாபகத்துக்கு வாறேல்லை.

தொட்டிச் செடியிலும் இதே கதை. உலகமெங்கும் விற்கிற 'கிரிப்டோகொரைன் வென்டியி' இலங்கைக்கே உரியது. 1958இல் டி விட் விவரித்தார். பெயரோ வென்ட் என்ற ஜெர்மன்காரருடையது.

அயிரை வளர்க்கிறதெண்டால் கூர்க்கல் வேண்டாம், மெல்லிய மணல் போடுங்கோ. புதைஞ்சு கிடக்கும்; கண் மட்டும் வெளியில தெரியும்.