கருத்துக் கேட்டலும் முடிவெடுத்தலும்: இங்கிலாந்தின் வீதி விசாரணைகள்

வீதியைப் பற்றிய விவகாரம் சில்லறை விவகாரம் எனக் கருதுவோர் பலர். எந்தத் தெருவில் வாகனங்கள் ஓடலாம், எவ்விடத்தில் அவற்றைத் தரித்து வைக்கலாம், எந்த வரிசை வீடுகளை இடித்துப் புதிய பாதை அமைக்கலாம் என்பனவெல்லாம் பொறியியலாளரும் சபை உத்தியோகத்தரும் தீர்த்துக்கொள்ள வேண்டியவை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சாதாரண மக்கள் ஆட்சி என்ற ஒன்றை அன்றாடம் எதிர்கொள்வது தமது வீட்டு வாசலிலுள்ள வீதியிலேயாகும். ஒரு நாட்டின் சனநாயகம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டில் ஒரு தெருவைப் பற்றிய முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை ஆராய்ந்தாலே போதும்.

இங்கிலாந்திலே கடந்த அறுபது ஆண்டுகளாக ஒரு நடைமுறை வளர்ந்து வந்துள்ளது. வீதியிலே மாற்றம் செய்ய விரும்பும் சபை, அங்கு குடியிருப்போரின் கருத்தைக் கேட்கிறது. அறிவித்தல் ஒட்டப்படுகிறது, மண்டபத்திலே வரைபடங்கள் தொங்கவிடப்படுகின்றன, வினாக்கொத்து வீடு தேடி வருகிறது. இத்தனைக்கும் பின்னர் மக்கள் கூறுவது ஒன்றே: "முடிவை முன்னரே எடுத்துவிட்டார்கள்; எம்மை அழைத்தது சடங்குக்காக." எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நகராயினும் இக்குறை மாறாது ஒலித்து வருகிறது. உத்தியோகத்தரின் ஆணவமே இதற்குக் காரணம் என்று கூறி அமைதல் எளிது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் ஒரு குறைக்குத் தனிமனிதரின் குணக்கேட்டைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. அதன் வேரை அமைப்பிலேயே தேடுதல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினாற் பிறந்த கொழும்பு மாநகர சபை முதலாக எமது உள்ளூராட்சி மன்றங்கள் ஆங்கில அச்சிலே வார்க்கப்பட்டவை. ஆகவே இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டி செல்வரின் உடைமை என்ற நிலையிலிருந்து மத்தியதர வர்க்கத்தின் உடைமையாகப் பரவிற்று. வீதியோரம் எங்கும் வண்டிகள் நிறைந்தன. 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் துணைகொண்டு, 1958ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டனின் மேபெயார்ப் பகுதியிலே வாகனத் தரிப்புக்குக் காசு வாங்கும் பொறிகள் முதன்முதலாக நாட்டப்பட்டன. அதுவரை யாவர்க்கும் பொதுவாயிருந்த வீதியோரம் அன்றிலிருந்து விலை குறிக்கப்பட்ட நிலமாயிற்று.

1959 முதல் 1964 வரை போக்குவரத்து அமைச்சராயிருந்த ஏர்னஸ்ட் மார்பிள்ஸ், வீதிகளும் பாலங்களும் கட்டும் கம்பனியொன்றை நிறுவியவர்களுள் ஒருவர். அமைச்சரான பின்னர் அவர் தமது பங்குகளைக் கைவிட முன்வந்தார். அவர் வேண்டிக்கொண்டவாறு கொலின் புக்கானன் தலைமையிலான குழு 1963இல் நகரப் போக்குவரத்துப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கட்டுப்பாடின்றி வாகனங்களை உள்ளே விட்டால் நகரம் நகரமாக இராது என எச்சரித்த அவ்வறிக்கை, குடியிருப்புப் பகுதிகளை ஊடறுக்கும் போக்குவரத்திலிருந்து காக்க வேண்டும் என்றது. அதேவேளை பெருவீதிகள் பல தேவை என்றும் கூறிற்று. அறிக்கையின் இப்பின்பாதியையே ஆட்சியாளர் ஆர்வத்தோடு பற்றிக்கொண்டனர்.

பெருவீதிகள் வருமிடத்து வீடுகள் இடிபடும். வீடுகள் இடிபடுமிடத்து எதிர்ப்பு எழும். இதனை உணர்ந்த தொழிற் கட்சி அரசாங்கம் 1968இல் ஆதர் ஸ்கெஃபிங்டன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. திட்டமிடலில் மக்கள் பங்குபற்றுதல் பற்றி அக்குழு 1969இல் அறிக்கை சமர்ப்பித்தது. திட்டம் உருவாகும் போதே மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்களின் கருத்தை அறிய வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். முடிவெடுக்கும் அதிகாரம் சபையிடமே இருத்தல் வேண்டும் என்பதையும் அது தெளிவாக வைத்துக்கொண்டது.

அதே ஆண்டிலே அமெரிக்காவில் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்பார் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்குபற்றுதலை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வகுத்தார். அடிப்படிகள் இரண்டும் மக்களை ஏய்த்தல். மேற்படிகள் மூன்றும் மக்கள் உண்மை அதிகாரம் பெறுதல். கருத்துக் கேட்டல் என்பதை அவர் கீழிருந்து நான்காம் படியில் நிறுத்தி, அதனைப் பெயரளவிலான பங்கு என்ற பிரிவில் அடக்கினார். அதிகாரம் கைமாறாத வரையில் கேட்பது கேட்பதாகவே முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். இங்கிலாந்து அந்த நான்காம் படியிலேயே தன் வீட்டைக் கட்டிற்று.

அதன் விளைவு விரைவிலே தெரிந்தது. 1970ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் இலண்டனில் வெஸ்ட்வே என்னும் உயர்ந்த பெருவீதி திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமான அவ்வீதி, வட கென்சிங்டனின் ஏழைக் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. எஞ்சியோரின் படுக்கையறை யன்னல்களுக்கு அருகே வண்டிகள் இரவு பகலாக ஓடலாயின. திறப்பு விழாவன்று அக்லம் வீதி மக்கள், தம்மை இந்நரகத்திலிருந்து மீட்டு வேறு வீடு தருமாறு எழுதிய பெரும் பதாகையைத் தொங்கவிட்டனர். வீதியருகே வாழ்வோரின் இன்னலுக்கும் நட்டஈடு உண்டு என்ற சட்டம் 1973இலேயே வந்தது. வீதி முந்திற்று, நீதி பிந்திற்று.

வெஸ்ட்வே ஒரு முன்னோடி மாத்திரமே. பெரிய இலண்டன் சபை நகரைச் சுற்றி வளைய வளையமாகப் பெருவீதிகள் அமைக்கத் திட்டமிட்டிருந்தது. டக்ளஸ் ஜே போன்ற பாராளுமன்ற உறுப்பினரும் ஊர்ச் சங்கங்களும் எதிர்த்தனர். "வீதிக்கு முன் வீடு" என்ற பெயரோடு ஒரு குழுவினர் 1970ஆம் ஆண்டுச் சபைத் தேர்தலில் போட்டியிட்டு, இடமெதுவும் பெறாது தோற்றனர். பிராங்க் லேஃபீல்ட் என்ற சட்டத்தரணி தலைமையில் பகிரங்க விசாரணை தொடங்கிற்று. 28,000க்கு மேற்பட்ட ஆட்சேபனைகள் குவிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை வீதிகளைப் பற்றியவை. ஈராண்டுக்கு மேற்பட்ட பணியின் பின், 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான அறிக்கை, வெளி வளையங்கள் சிலவற்றைக் கைவிடச் சொல்லியபோதும், நகரின் உள்வளைய வீதியைக் கட்டலாம் என்றே பரிந்துரைத்தது.

ஆனால் அவ்வீதி கட்டப்படவில்லை. 1973ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் நடந்த சபைத் தேர்தலில், பெருவீதித் திட்டத்தைக் கைவிடுவோம் என்று வாக்குறுதி அளித்த தொழிற் கட்சி வென்றது. வென்றதும் திட்டத்தைக் கைவிட்டது. செலவு மலைபோல உயர்ந்திருந்தமையும் இதற்குத் துணை செய்தது உண்மையே. எனினும் 28,000 ஆட்சேபனைகள் சாதிக்க முடியாததை ஒரு தேர்தல் சாதித்தது என்பதை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். விசாரணையில் மக்கள் மனுதாரர். தேர்தலிலோ அவர்களே நீதிபதிகள்.

நாட்டுப்புறத்தே நெடுஞ்சாலைகள் பற்றிய விசாரணைகளில் முரண்பாடு இன்னும் கூர்மையடைந்தது. அங்கே சாலையின் தடத்தைப் பற்றிப் பேசலாம். சாலை தேவைதானா என்று கேட்கலாகாது. தேவை என்பது அரசாங்கக் கொள்கை. கொள்கை விசாரணைக்கு அப்பாற்பட்டது. 1975இல் எயர்டேல் சாலை பற்றி ஷிப்லியிலே தொடங்கிய விசாரணையும், 1976இல் வின்செஸ்டரிலே நடந்த விசாரணையும் மக்களின் கூச்சலாற் குழம்பின. செஃபீல்ட் தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளரான ஜோன் டைம் இவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்றார். வின்செஸ்டரிலே மண்டபத்திலிருந்து வெளியேற்றப்பட்டோருள் அவ்வூரின் புகழ்பெற்ற கல்லூரியின் தலைமையாசிரியரும் ஒருவர். ஒழுங்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒழுங்கு குலைத்தவராக வெளியேற்றப்படும் நிலை ஏன் வந்தது? கேட்க வேண்டிய கேள்வி தடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய வழி கூச்சலே.

இத்தடை நீதிமன்றத்திலும் உறுதி பெற்றது. எம் 42, எம் 40 என்ற நெடுஞ்சாலைகளின் சில பகுதிகள் பற்றி 1973-74இல் நடந்த விசாரணையிலே, வருங்கால வாகனத் தொகையை அரசாங்கம் கணித்த முறையை எதிர்ப்பாளர் குறுக்கு விசாரணை செய்ய விரும்பினர். விசாரணை அதிகாரி மறுத்தார். பின்னர் அரசாங்கமே தன் கணிப்பு முறையைத் திருத்திக்கொண்டது. எனினும் விசாரணையை மீண்டும் திறக்க இணங்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. ஆனால் 1980இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றித் தீர்ப்பளித்தது. கணிப்பு முறை கொள்கையோடு சேர்ந்தது, உள்ளூர் விசாரணையில் அதனைக் குறுக்கு விசாரணை செய்தல் பொருத்தமற்றது என்பது டிப்லொக் பிரபுவின் கருத்து. எட்மண்ட் டேவிஸ் பிரபு ஒருவரே மாறுபட்டார்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1994இல் அரசாங்கத்தின் சொந்த ஆலோசனைக் குழுவே, புதிய சாலைகள் புதிய போக்குவரத்தைப் பிறப்பிக்கக் கூடும் என ஒப்புக்கொண்டது. நெரிசலைத் தீர்க்கவென அமைக்கும் சாலை தானே நெரிசலை வளர்க்கலாம் என்பதை விசாரணை மண்டபங்களிலே ஆசிரியரும் இல்லத்தரசிகளும் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தனர். நிபுணர் அறியாததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதன்று எமது வாதம். கேள்வியைத் தடுத்தமையால் நட்டமடைந்தது அறிவும்தான் என்பதே நாம் வற்புறுத்துவது.

இனிச் சிறு தெருக்களுக்கு வருவோம். பாடசாலை மூடுதல் பற்றிப் பிரென்ட் சபைக்கெதிராகப் பெற்றோர் தொடுத்த வழக்கிலே, 1985இல் நான்கு நெறிகள் வகுக்கப்பட்டன. திட்டம் உருவாகும் நிலையிலேயே கருத்துக் கேட்டல் வேண்டும். காரணங்களைப் போதியவாறு விளக்குதல் வேண்டும். போதிய அவகாசம் அளித்தல் வேண்டும். வந்த கருத்தை மனச்சாட்சியோடு சீர்தூக்குதல் வேண்டும். இன்றும் சபைகளை இவற்றாலேயே நீதிமன்றங்கள் அளக்கின்றன. ஆயினும் நடைமுறை வேறு. வட இலண்டனின் பார்னெட் சபை 2011இல் குடியிருப்போர் வாகனத் தரிப்பு அனுமதிக் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணுக்கு உயர்த்திற்று. குடியிருப்பாளர் ஒருவர் வழக்காடினார். அச்சட்டம் போக்குவரத்தை ஒழுங்கு செய்தற்குரியது, பொது வருமானம் திரட்டும் கருவியன்று என்று கூறி, 2013இல் மேல் நீதிமன்றம் அவ்வுயர்வைச் சட்டவிரோதமாக்கிற்று.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே நடத்தலையும் சைக்கிளோட்டத்தையும் ஊக்குவிக்க அரசாங்கம் விரைந்து பணம் வழங்கியது. சபைகள் பரீட்சார்த்தக் கட்டளைகளைப் பிறப்பித்துப் பல தெருக்களில் ஊடறுக்கும் போக்குவரத்தைத் தடுத்தன. இக்கட்டளை முறையில் முதலில் மாற்றம் நடைமுறைக்கு வரும். ஆட்சேபனை அதன் பின்னரே கேட்கப்படும். தென் இலண்டனிலே மேற்கு டலிச் மக்களின் சங்கம் தன் கவலைகளை 53 பக்கங்களில் தொகுத்துச் சமர்ப்பித்தது. லாம்பெத் சபை முடிவெடுக்கையில் அதனைக் கவனத்திற் கொள்ளத் தவறிவிட்டது என்று 2025ஆம் ஆண்டு மே மாதம் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குடியிருப்போர் என்போர் ஒரே வர்க்கத்தினர் அல்லர்; அவர்கள் நலன்களும் ஒன்றல்ல. 1970ஆம் ஆண்டளவில் இஸ்லிங்டனின் பார்ன்ஸ்பரியிலே, புதிதாகக் குடிபுகுந்த மத்தியதர வகுப்பினரின் சங்கம் தமது அழகிய சதுக்கங்களிலிருந்து வாகனங்களை அகற்றும் திட்டத்துக்கு ஆதரவு தேடிற்று. அகற்றப்பட்ட வாகனங்கள் தொழிலாளர் வாழ்ந்த அயல் வீதிகளுக்குத் திருப்பப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சொல்வன்மையும் ஓய்வும் உடையோரின் குரல் மண்டபத்திலே பலமாக ஒலிக்கும். இரவு வேலை செய்வோனும் பிள்ளைகளைத் தனித்து வளர்ப்பவளும் அங்கே வாரார். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலண்டன் குடும்பங்களில் ஐந்திலிரு பங்குக்கு மேற்பட்டவை மோட்டார் வண்டி இல்லாதவை. வாகனத் தரிப்புப் பற்றிய கூட்டங்களில் அவர்களுக்காகப் பேசுவோர் யார்? பேருந்துக்குக் காத்து நிற்போரும் பிள்ளையைக் கைபிடித்துப் பாதையைக் கடப்போரும் அவ்வீதிக்கு உரியவரல்லரோ? ஆதலால் உரக்கப் பேசுவோரின் எதிர்ப்பனைத்தும் மக்கள் எதிர்ப்பு என மயங்குதல் தவறு. சபைகள் இத்தவற்றையே காரணங்காட்டி எல்லாக் குரல்களையும் ஒதுக்குவது அதனிலும் பெருந் தவறு.

எமது நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. தெற்கு அதிவேகப் பாதையின் தடம், சுற்றாடல் மதிப்பீட்டுக்குப் பின்னர் சில இடங்களில் மாற்றப்பட்டபோது, புதிய தடத்தில் நிலம் வைத்திருந்தோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 2004ஆம் ஆண்டு சனவரி மாதம் உயர் நீதிமன்றம் அவர்களுக்குக் கேட்கப்படும் உரிமை இருந்தது என ஏற்று நட்டஈடு வழங்கப் பணித்தது. பாதை மாறவில்லை. உரிமை மீறப்பட்டதற்கு விலை கிடைத்தது. முடிவிலே பங்கு கிடைக்கவில்லை.

இவ்வரலாற்றின் போக்கை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். நீதிமன்றங்கள் கேட்கும் முறையைத் திருத்தலாம். அறிக்கைகள் கேட்கும் நெறியை வகுக்கலாம். ஆனால் எதைக் கேட்பது, எப்போது கேட்பது, எக்கேள்வியைத் தடுப்பது என்பவற்றைத் தீர்மானிப்போர் கையிலேயே அதிகாரம் தங்கியிருக்கும் வரையில், மக்களின் மனக்கசப்பு நீங்காது. அக்கசப்பை அறியாமை என்று இகழ்தல் ஆகாது. அது அனுபவத்தின் வழி பெற்ற அரசியல் அறிவு. "இவ்வீதி எவ்வழி செல்லலாம்?" என்று கேட்கும் சபையை நோக்கி, "இவ்வீதி யாருக்காக?" என்று கேட்கும் உரிமையை மக்கள் வென்றெடுக்க வேண்டும். அவ்வுரிமை மண்டபத்து வினாக்கொத்திலே கிடைப்பதன்று. இலண்டன் மக்கள் 1973இற் செய்தது போல, ஒன்று திரண்ட அமைப்பும் வாக்குப் பலமும் கொண்டே அது பெறப்படும்.