அடங்கும் ஒலியே அளவுகோல்: மொம்போவின் ‘மூசிக்கா கல்யாதா’ ஒலிப்பதிவுகளை ஒப்பிடும் முறை குறித்து

அமைதியான பியானோ இசையின் ஒலிப்பதிவுகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களோடு நின்றுவிடுகிறார்கள்: வேகம், ஒலியளவு. மெதுவாக வாசித்தவரிடம் ஆழம் இருப்பதாகவும், தாழ்ந்த ஒலியில் வாசித்தவரிடம் அகத்தியானம் கூடியிருப்பதாகவும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கட்டலான் இசையமைப்பாளர் ஃபெதரிக்கோ மொம்போவின் (1893–1987) ‘மூசிக்கா கல்யாதா’ இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்கு மிக எளிதாக இடம் கொடுக்கும் படைப்பு. 16-ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய மறைஞானி சிலுவையின் புனித யோவானின் கவிதையிலிருந்து எடுத்த தலைப்பே மௌனத்தைப் பேசுகிறது. நான்கு ஏடுகளில் உள்ள 28 சிறு துண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை மெதுவாகவோ அமைதியாகவோ வாசிக்கச் சொல்லும் குறிப்புகளோடு தொடங்குகின்றன. ஆனால் இந்தப் படைப்பின் ஒலிப்பதிவுகளை உண்மையில் வேறுபடுத்துவது, அழுத்திய சுரம் அடங்குவதற்கு வாசிப்பவர் எப்படி இடம் விடுகிறார், அடுத்த சுரத்தை அந்த அடக்கத்தின் எந்தக் கட்டத்தில் வைக்கிறார் என்பதே. வேகமும் ஒலியளவும் இதன் விளைவுகள். அவற்றைக் காரணமாக எடுத்துக்கொண்டால் ஒப்பீடு தடம் மாறும்.

முதல் சான்று இசைப்பிரதியிலேயே இருக்கிறது. முதல் ஏடு 1959-இல் முடிந்தது; அதில் ஒன்பது துண்டுகள். 1962-இன் இரண்டாம் ஏட்டில் ஏழும், 1965-இன் மூன்றாம் ஏட்டில் ஐந்தும், 1967-இன் நான்காம் ஏட்டில் ஏழும் உள்ளன. இவற்றின் தலைக்குறிப்புகளை வரிசையாகப் படித்தால், ஒரே மந்தகதியில் ஓடும் தொகுப்பு என்ற எண்ணம் கலைந்துவிடும். ஐந்தாவது துண்டு உலோகத்தன்மையுள்ள இழைவைக் கேட்கிறது. பதினொன்றாவது ‘அலெக்ரெத்தோ’; பதினெட்டாவது ஒளியோடு வாசிக்க வேண்டியது; இருபத்து நான்காவது மிதமான வேகம். இருபத்தைந்தாவதற்கு உணர்வைச் சுட்டும் சொல்லே கிடையாது. மெட்ரோனோமில் 100 என்ற எண் மட்டும்தான். இந்தத் துண்டை யாரும் ‘தியான’ வேகம் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே மௌனம் என்று மொம்போ கருதியது எதுவானாலும், அது குறைந்த வேகத்துக்கு இன்னொரு பெயராக இருந்திருக்க வழியில்லை. தன் இளமைக்கால ஆக்கங்களில் தாள அடைப்புக்கோடுகளை அவர் நீக்கியதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்கு அடங்கிய காலம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே ஒவ்வாத ஒன்று.

அடுத்த சான்று குடும்பத் தொழில். மொம்போவின் தாய்வழிக் குடும்பத்துக்கு பார்சிலோனாவில் மணி வார்ப்பாலை இருந்தது. தன் ஒத்திசைவின் கருவாக அவர் ‘உலோகக் கூட்டு’ என்று பெயரிட்ட ஒரு சுரக்கூட்டை அந்தப் பட்டறையின் ஒலியோடு தொடர்புபடுத்திப் பேசியிருக்கிறார். வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு இது இனிய தகவல். அவர்களில் பலர் அதை அலங்காரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாசிப்புமுறைக்கு அதன் விளைவு பெரிது. மணியில் அடி என்பது ஒரு நொடிப்பொழுது. பிறகு நடப்பதெல்லாம் அடங்கல், அந்த அடங்கலுக்குள்ளேயே சுரத்தின் நிறம் மாறிக்கொண்டிருக்கும். பியானோவும் இந்த விஷயத்தில் மணியின் உறவுதான். வயலினைப் போல, அழுத்திய சுரத்தை வளர்க்க அதனால் முடியாது. 1977-இல் இயற்பியலாளர் கேப்ரியேல் வைன்ரைக் காட்டியபடி, பியானோ சுரம் இரண்டு கட்டங்களில் அடங்குகிறது: முதலில் வேகமான சரிவு, பின்பு நீண்டு நிற்கும் மெல்லிய எச்சவொலி. ஒரே சுரத்துக்குரிய மூன்று தந்திகள் பாலத்தின் வழியாக ஒன்றையொன்று அசைப்பதே இதற்குக் காரணம். இடது பெடலை மிதிக்கும்போது சுத்தி மூன்றில் இரண்டு தந்திகளை மட்டும் அடிக்கிறது. அடிபடாத மூன்றாவது பாலத்தின் வழியே அசைவதால், மொத்த ஒலி குறைந்தாலும் அதில் எச்சவொலியின் பங்கு கூடுகிறது. மொம்போவை வாசிக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அடுத்த சுரத்தை முதல் சரிவின்மேல் வைப்பதா, எச்சவொலியின்மேல் வைப்பதா என்று தீர்மானித்துக்கொண்டே போகிறார்கள். உச்சச் சுரங்கள் விரைவிலும் மந்திரச் சுரங்கள் தாமதமாகவும் அடங்குவதால் ஒரே வேகம் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே அமைதியைத் தராது.

ஒலியளவு பற்றிய வாதம் ஒலிப்பதிவைப் பொறுத்தவரை இன்னும் பலவீனமானது. இந்த இசை வெளியில் சில மில்லிமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியதில்லை என்ற பொருளில் மொம்போ முன்னுரை எழுதினார் என்பது உண்மை. ஆனால் தட்டில் பதிந்த ஒலியின் அளவைக் கேட்பவரின் கைதான் தீர்மானிக்கிறது. குமிழைத் திருப்பினால் மிக மெல்லிய வாசிப்பும் அறையை நிறைத்துவிடும். பதிவில் மென்மை எஞ்சுவது ஒலியின் நிறத்தில்தான். மெதுவாக மோதும் சுத்தியின் கம்பளிப் பொதி இளகி நடந்துகொள்வதால் மேல் அதிர்வெண்கள் குறைகின்றன. எத்தனை உரக்க ஒலிக்கவிட்டாலும் அந்த மங்கல் காதுக்குத் தெரியும். மைக்ரோஃபோன் எத்தனை தொலைவில் நின்றது, கூடத்தின் எதிரொலி எவ்வளவு என்பவையும் இதில் கலக்கின்றன. தேவாலயத்தில் பதிவான ஒரு சுரமும் உலர்ந்த அரங்கில் பதிவான அதே சுரமும் ஒரே விதமாக அடங்குவதில்லை. அந்த வேறுபாட்டை வாசிப்பவரின் ஆன்மிகத்துக்குக் கணக்கெழுதிவிடுவது விமர்சனத்தில் நடக்கும் அன்றாடத் தவறு.

இனி பதிவுகளுக்கு வருவோம். 1974-இல், எண்பதை ஒட்டிய வயதில், மொம்போ தன் பியானோ படைப்புகளை பார்சிலோனாவின் என்சாயோ நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். மௌனத்தின் ஆசானை எதிர்பார்த்து இந்தப் பதிவைப் போடுகிறவர் முதலில் திகைப்பார். வாசிப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சொற்றொடர் முனைகளில் காலம் நெகிழ்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு கைகளும் அடிக்கடி ஒன்றாக இறங்குவதில்லை. இடக்கையின் மந்திரச் சுரம் முந்துகிறது, வலக்கையின் மெட்டு சற்றுப் பின்தங்கி வந்து அமர்கிறது. ராபர்ட் ஃபிலிப், நீல் பெரஸ் டா கோஸ்டா ஆகியோரின் ஆய்வுகளால் நமக்கு நன்கு அறிமுகமான பழைய வழக்கம் இது. 19-ஆம் நூற்றாண்டில் பயின்ற பியானோ கலைஞர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. ஒலியியல் நோக்கில் இதன் பயன் தெளிவானது. மந்திரச் சுரம் முதலில் ஒலித்து வலது பெடலில் தந்திகள் திறந்திருக்கும்போது, மெட்டுச் சுரம் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் ஒலிக்குள் நுழைகிறது. அதன் அடி மழுங்குகிறது. அது அடித்து எழுந்ததாகத் தோன்றாமல் மந்திரத்திலிருந்து கிளைத்ததாகத் தோன்றுகிறது. உரக்க அழுத்தாமலே மெட்டைத் தனித்துக் கேட்கவைக்கும் உத்தி இது.

இதை வெறும் தற்செயல் என்று தள்ள முடியாததற்கு ஓர் அளவீடும் துணை நிற்கிறது. வெர்னர் கோபிள் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய கலைஞர்கள் மெட்டை அழுத்தமாக வாசிக்கும்போது அது துணைச்சுரங்களைவிட ஏறத்தாழ 30 மில்லிவிநாடி முந்துகிறது. வேகமாக இறங்கும் விசையின் சுத்தி தந்தியை முன்னதாகவே எட்டிவிடுவதால் அது தானாக நேரும் விளைவு. மொம்போவிடம் வரிசை தலைகீழ்: முந்துவது மந்திரம். இயந்திர அமைப்பு தானாகத் தருவதற்கு எதிர்த்திசையில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் அதைப் பழக்கம் என்றோ தேர்வு என்றோதான் சொல்ல வேண்டும்.

ஹெர்பர்ட் ஹெங்க் 1993-இல் ஃபிராங்ஃபுர்ட்டில் பதிவு செய்து 1995-இல் இசிஎம் வெளியிட்ட தட்டு மறுமுனையில் நிற்கிறது. ஸ்டாக்ஹவுசன், பூலேஸ், கேஜ் ஆகியோரின் ஆக்கங்களில் கை தேறியவர் ஹெங்க். கைகள் ஒருசேர இறங்குகின்றன, காலம் சீராக ஓடுகிறது, உணர்ச்சிக் குழைவு ஏதுமில்லை. இதைத் துறவியின் வாசிப்பு என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழில் இசிஎம் நிறுவனத்தின் ஒலியழகியலுக்கும் அட்டைப்பட மங்கலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் சுரக்கூட்டுகள் தனித்தனியே நிற்கும் துண்டுகளில் அவர் செய்வது உயர்வானதே: ஒரு கூட்டு எச்சவொலிக்கு இறங்கும்வரை காத்து, அதன் மீந்த நிறத்தின்மேல் அடுத்ததை வைக்கிறார். மெட்டு பாடலாக நகரும் துண்டுகளில் இந்தச் சமன் அவருக்கு உதவுவதில்லை. மெட்டும் துணையும் ஒரே தளத்தில் உறைந்துவிடுகின்றன. அர்காதி வொலொதோஸ் 2013-இன் சோனி தட்டில் முழுத் தொகுப்பையும் வாசிக்கவில்லை. சில துண்டுகளை மட்டும் எடுத்து, தன் விருப்பப்படி வரிசை மாற்றி அமைத்தார். குரல்களைப் பிரித்துக்காட்டும் திறனில் அவருக்கு இணையானவரைக் காண்பது அரிது. ஆயினும் மொம்போ காலத்தால் செய்ததை அவர் அழுத்த வேறுபாட்டால் செய்கிறார். விளைவு அழகானது, ஆனால் வேறு ஓர் அழகு: ஒவ்வொரு சுரமும் பளிங்குபோல் முழுமையாக்கப்பட்டு வருகிறது, அடங்கிப்போவதற்கு அது இசைவதில்லை. 2006-இல் வந்த ஹாவியேர் பெரியானெஸின் முழுப்பதிவு ஹெங்க், வொலொதோஸ் இருவரின் பதிவுகளுக்கும் நடுவில் நிற்கிறது. பாட்டுத்தன்மை அதன் பலம்.

எதிர்வாதங்கள் உண்டு. இசையமைப்பாளரின் சொந்தப் பதிவை அளவுகோலாக்குவது சரியா, அதுவும் எழுதிப் பல ஆண்டுகள் கழிந்து முதுமையில் செய்த பதிவை? கைகள் பிரிவது விரல் தளர்ச்சியாகவும் இருக்கலாமே? முதுமை என்ற விளக்கம் 1950-இல் அவர் செய்த பதிவுகளின் முன் நிற்காது; அவற்றிலும் இதே நெகிழ்வும் இதே பிரிவும் கேட்கின்றன. அதிகாரம் பற்றிய கேள்வியோ நியாயமானது. மொம்போவின் பதிவை நான் சட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சுரங்களை எழுதிய கைகள் எப்படிப்பட்ட ஒலியை எதிர்பார்த்து எழுதின என்பதற்குச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். சாட்சியை மறுக்கலாம், ஆனால் கேட்காமல் விட முடியாது. இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது: கைகளைப் பிரிப்பது அந்தத் தலைமுறைக்கே பொதுவான பழக்கமென்றால், அவர்கள் ஷோபானையும் அப்படித்தான் வாசித்தார்கள், ‘மூசிக்கா கல்யாதா’வின் மௌனத்துக்கு அதில் தனிப் பொருள் எப்படி வரும்? பொதுப் பழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷோபானில் மெட்டைத் தாங்கத் துணையின் ஓட்டம் இருக்கிறது. மொம்போவில் பல இடங்களில் ஒரு மந்திரச் சுரமும் ஒரு மெட்டுச் சுரமும் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே பழக்கம் அமைப்பாகவே மாறிவிடுகிறது. இதனால் எல்லோரும் கைகளைப் பிரித்து வாசிக்க வேண்டும் என்று ஆகாது. அதே வேலையை வேறு வழியில் செய்ய முடியும் என்பதற்கு, தன் சிறந்த இடங்களில், ஹெங்கே எடுத்துக்காட்டு.

தொகுப்பின் ஒருமை பற்றியும் ஒரு சொல். 28 துண்டுகளையும் தொடர்ந்து கேட்கும் வழக்கத்தை நிலைப்படுத்தியதில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடக்கிய குறுந்தகட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படிக் கேட்கும்போது வேறுபாடுகள் மங்கி, பொதுவான மந்தகதி ஒன்றே நினைவில் நிற்கிறது. வேகத்தை வைத்து ஒப்பிடும் விமர்சனம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏடுகளோ எட்டு ஆண்டு கால அளவில் நான்கு தனித் தொகுதிகளாக எழுதப்பட்டவை. ஏடு ஏடாக ஒப்பிட முனைகிறவர் நான்காவதிலிருந்து தொடங்குவது நல்லது. பியானோ கலைஞர் அலிசியா தெ லரோச்சாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, 1972-இல் அவராலேயே முதலில் மேடையேறிய ஏடு அது. கைக்கு அடங்காத அந்த இருபத்தைந்தாவது துண்டும் அதில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்து வரும் மூன்றும் மெதுவாக வாசிக்க வேண்டியவை. ஓடி வந்த துண்டின் ஒலி முழுக்க அடங்குமுன் இருபத்தாறாவதன் முதல் சுரத்தை வாசிப்பவர் வைக்கிறாரா, அடங்கிய பின் வைக்கிறாரா என்பதைக் கவனித்தால், அவர் இந்த இசையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அவரது மெட்ரோனோம் எண்ணைவிட அதிகமாகத் தெரியவரும்.